கழுவிக் குடுத்த வண்டி

"இன்னும் இருபது நிமிஷந்தானுங்க மேடம்"னு வண்டியை வாங்கி எழுதற ஜெகதீஸ் சொல்லிட்டுப் போய் ஒன்றரை மணி நேரமாச்சு. யாருகிட்ட சொல்றான் இருபது நிமிஷம்? இந்த நாகமணி இருபத்திரண்டு வருசமா பிளவுஸ் தெச்சுக் குடுக்கறவ. காஜா எடுத்தா முடிஞ்சுதுங்க, ஊக்கு வெச்சா முடிஞ்சுதுங்க, காலைல கடை தொறந்ததும் வந்து வாங்கிக்கோங்கன்னு நானும் ஆயிரம் பேருகிட்டச் சொல்லியிருக்கேன், துணியை எடுத்து விரிச்சுக்கூட இருக்க மாட்டேன். நாள் சொல்றதுல தையக்காரி பேச்சு விடிஞ்சாப் போச்சுன்னு கோயமுத்தூருக்கே தெரியும். அதனாலதான் புதங்கிழமை வேணுங்கறவங்க திங்கக்கிழமை வேணும்னு சொல்லித் துணியைக் குடுப்பாங்க, ரெண்டு பொய்யும் சேந்து சரியாப் போயிரும். ஆனா தையல்ல பொய் கிடையாது. கையைத் தூக்குனா அக்குள்ல பிரியற பிளவுஸை நல்லா இருக்குதுன்னு சொல்லி நான் ஒருத்தி தலையிலயும் கட்டுனதில்லை. அப்படியே பிரிஞ்சாலும் என்ன ஆகும், மண்டபத்துல சேலையை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பா, மறுநாள் வந்து என்னை நாலு வார்த்தை கேப்பா. உசுரு போகாது. இவங்க கையில நான் குடுத்திருக்கறது பிரேக்கு. அதுக்கும் அதே இருபது நிமிஷம், அதே சிரிப்பு, அதே மேடம்.

ஏசி வேற இந்தப் போடு போடுது, முட்டியெல்லாம் குடையுது. கார் வித்த கம்பெனியோட சர்வீஸ் சென்டர் இது. வித்தப்ப மாலை போட்டு, கேக் வெட்டி, பெரிய அட்டையில செஞ்ச சாவியைக் கையில குடுத்து போட்டோ எடுத்தாங்க. இப்ப மூணு வாரத்துல மூணாவது தடவையா வந்து உக்காந்திருக்கேன், அதுல ரெண்டு தடவை ஒரே கம்ப்ளைண்ட்டுக்கு. காப்பி மெசின்கூடப் பழகிருச்சு, ரெண்டாவது பட்டனை அமுக்குனா சுடுதண்ணி மட்டுந்தான் வரும். எதுத்த செவுத்துல ஒரு குடும்பம் கார்ல உக்காந்து சிரிக்குது, கீழ "உங்கள் நிம்மதியே எங்கள் பணி"ன்னு எழுதியிருக்கு. அந்தப் பொம்பளை ஸ்டீயரிங்கைப் புடிச்சிருக்கற லட்சணத்துலயே தெரியுது, ஒரு நாளும் வண்டி ஓட்டாதவ. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் கோத்தகிரி ஏறணும். என்ற பொண்ணு தாரணிக்கு ஏழாம் மாசம், ஒன்பதரைக்கு மேல அவங்க வீட்டுல வளைகாப்பு, முடிச்ச கையோட அவளைக் கூட்டிக்கிட்டு மலை எறங்கணும். ஏறறது பெருசில்ல, எறங்கறதுதான் பெருசு. வாடகை வண்டி வெச்சுக்கலாமேம்மான்னு அவளே சொன்னா. போன மாசம் அப்படித்தான் வந்தா, அந்த டிரைவர் வளைவுக்கு வளைவு ஒடிச்சு ஒடிச்சு ஓட்டுனதுல நாலு தடவை வாந்தி எடுத்து, மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள புள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு. நானே வந்து மெல்லக் கூட்டிட்டு வர்றேன் கண்ணு, நடுவுல எத்தனை தடவை வேணாலும் நிறுத்திக்கலாம்னு வாக்குக் குடுத்துட்டேன். நிறுத்திக்கலாம்னு எவ்வளவு லேசாச் சொல்லிட்டேன்.

காலைல எட்டரை மணிக்கே ஜெகதீஸ்கிட்டத் தெளிவாச் சொன்னேன். வண்டியைக் கழுவாதீங்க. "வாஷ் ஃப்ரீதானுங்க மேடம்." ஃப்ரீயா இருந்தாலும் வேண்டாம். "எந்த வண்டி வந்தாலும் முதல்ல வாஷுக்குத்தானுங்க போகும், அதுதான் முறை." அந்த முறைதாங்க இங்க புடிச்ச கெரகம், பிரேக் ஆயில் எங்கயோ கசியுது, கசிஞ்ச எடத்துல தடம் இருக்கும், நீங்க பைப்பை வெச்சு அடிச்சுக் கழுவிட்டுத் தேடுனா தடம் எப்படிங்க இருக்கும்? போன தடவை அதைத்தான் பண்ணீங்க. முதல்ல கீழ போய்ப் பாருங்க, அப்புறம் கழுவுங்க, இல்ல கழுவவே வேண்டாம், சேறோட எடுத்துட்டுப் போறேன். தலையை ஆட்டுனான். எழுதுங்கன்னேன். "எழுதிட்டேனுங்க மேடம்"னு அட்டையைத் திருப்பிக் காட்டுனான், நீல மையில கழுவ வேண்டாம்னு எழுதி அடியில ரெண்டு கோடு. அந்த ரெண்டு கோட்டைப் பாத்ததும் எனக்கு மனசு கொஞ்சம் லேசாச்சு. எழுதுனதைப் பாத்து நிம்மதியாகற புத்தி எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, இந்தப் புத்தியாலதான் இவ்வளவும்.

முதல் தடவை இங்க சர்வீஸுக்கு விட்டது மூணு வாரம் முன்னாடி. வருசாந்திர சர்வீஸ், பிரேக் ஆயில் மாத்தணும்னாங்க, மாத்துங்கன்னேன். குடுக்கறப்ப வண்டி கண்ணாடியாட்டம் இருந்துச்சு, கூடவே ஒரு தாள், முப்பத்தெட்டு ஐட்டம், முப்பத்தெட்டுக்கும் நேரா டிக். மறுநாள் அவுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என்ற வீட்டுக்காரர் ரத்தினம் இருபத்தாறு வருசம் டவுன் பஸ் ஓட்டினவரு. சர்க்கரை கண்ணுல எறங்கி நாலு வருசமாச்சு, இப்ப வெளிச்சமும் நிழலும் மட்டுந்தான் தெரியும். அவுருக்குப் பார்வை போனதுக்கப்புறந்தான் நாப்பத்தாறு வயசுல நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன். பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை குத்திப் பேசாமச் சொல்லிக் குடுத்தாரு, கிளட்ச்சை மெல்ல விடு, மெசின் மிதிக்கறவதான நீ, காலுக்குச் சொல்லித் தரணுமான்னு. அன்னிக்கு லாலி ரோடு சிக்னல்ல நிறுத்துனதும், "பிரேக் ஒரு அடி தள்ளிப் புடிக்குது புள்ள"ன்னாரு. எப்படித் தெரியும்னேன். "உன்ற செருப்புச் சத்தம். முந்தி இவ்வளவு உள்ள போய் அடிக்காது." நேத்துத்தான் சர்வீஸ் பண்ணுனதுன்னேன். "பண்ணட்டும், ஒரு தடவை கொண்டு போய்க் காட்டிரு." எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. கடையில ரெண்டு கல்யாண ஆர்டர் கிடக்குது, ஆஸ்பத்திரியில எத்தனை மணி நேரம் ஆகுமோ, இவுரு வேற. "முப்பத்தெட்டு எடத்துல பாத்துப் பாத்து டிக் போட்டுக் குடுத்திருக்காங்க, நீங்க பாக்காமயே சொல்றீங்களாக்கும்"னு சொல்லிட்டேன்.

பாக்காமயே. அந்த வார்த்தை எப்படி வந்துச்சு என் வாயில? வேணும்னு சொல்லல. வேணும்னு சொல்லலன்னு எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கறது. அவுரு மூஞ்சியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு, அங்க அவுருக்குப் பாக்கறதுக்கு என்ன இருக்குது. அப்புறம் ரெண்டு வாரம் வண்டியில ஏறுனா வாயே தொறக்கறதில்ல. ஏதாச்சும் சொல்லுங்களேன்னு நானாக் கேட்டா, "சொல்றதுக்கு என்ன இருக்குது, நீதான் நல்லா ஓட்டறியே"ன்னுருவாரு. ஒவ்வொரு சிக்னல்லயும் என் செருப்பு அடிக்கற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. கேட்டும், அந்தத் தாளு டேஷ்போர்டுல இருக்குதேன்னு ஓட்டுனேன். படிச்சவங்க, யூனிபார்ம் போட்டவங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தவங்க. அவங்களை நம்பி முப்பது வருசம் கூட வாழ்ந்த மனுசனை நம்பாமப் போனேன். இவங்க மேல வர்ற ஆத்திரத்துல பாதி என் மேல வர்றதுதான். அதுக்காக இவங்களுக்குப் பாதி குறைஞ்சிருச்சுன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் போன ஞாயித்துக்கிழமை. அதை நினைக்கக் கூடாதுன்னுதான் இந்த டிவியைப் பாத்துட்டு இருக்கேன், சத்தமில்லாம எவளோ பாயசம் கிண்டறா. வளைகாப்புக்கு நாள் பேசிட்டுக் கோத்தகிரியில இருந்து எறங்கிட்டு இருக்கோம், நானும் அவுரும் மட்டும். சாயங்கால வெயிலு, முன்னாடி ஒரு கேரட் லாரி. வளைவு வருது, பிரேக்குல காலை வெச்சேன், போச்சு. தையல் மெசின்ல பெல்ட் கழண்டா கால் சும்மா போய்ச் சும்மா வருமே, அதே மாதிரி. அடியில தட்டுது, வண்டி பாட்டுக்குப் போகுது. நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, அவுரு கத்தல. "செகண்டுக்குக் கொண்டா"ன்னாரு. "காலை எடுத்து எடுத்து மிதி, விடாத. ஹேண்ட் பிரேக்கை ஒரே இழுப்பா இழுக்காத, கொஞ்சங் கொஞ்சமா. ஆங். அப்படித்தான்." பஸ்ஸுல அம்பது பேரை வெச்சுக்கிட்டுப் பேசற குரல் அது. வண்டி மண்ணு திட்டுல உரசிக்கிட்டு நின்னுச்சு. திட்டுக்கு அக்கட்டப் பள்ளம், கீழ ஒரு வீட்டு ஓடு சின்னதாத் தெரியுது. அவுருக்கு அது தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. "நின்னுருச்சா"ன்னு கேட்டாரு. நின்னுருச்சுங்கன்னேன். தண்ணி பாட்டிலைத் தடவி எடுத்து என் கையில குடுத்தாரு. நான் சொன்னேன் பாரு, அன்னிக்கே சொன்னேன் பாருன்னு ஒரு வார்த்தை வரல. வந்திருந்தாத் தேவலை. இப்ப வரைக்கும் வரல.

மேட்டுப்பாளையம் வரைக்கும் முதல் கியர்லயே ஊந்து வந்தோம். ரோட்டோரம் ஒரு மெக்கானிக் பானெட்டைத் தொறந்தவன், "பிரேக் ஆயில் டப்பா காலிங்க்கா, எங்கயோ கசியுது, இப்போதைக்கு ஊத்தி விடறேன், நேரா சர்வீஸுக்கு விட்டுருங்க"ன்னான். அவனுக்குத் தெரிஞ்சுது, அஞ்சு நிமிஷத்துல. திங்கக்கிழமை இங்க கொண்டு வந்து விட்டேன். செவ்வாய்க்கிழமை ஜெகதீஸே போன் பண்ணான், "எல்லாம் பாத்தாச்சுங்க மேடம், கசிவு ஒண்ணும் இல்லீங்க." வந்து பாத்தா வண்டி கழுவித் தொடைச்சு, சீட்டுக்கு வாசனை அடிச்சு, கால் வைக்கற எடத்துல வெள்ளைப் பேப்பர் விரிச்சு நிக்குது. மறுபடியும் தாளு, மறுபடியும் முப்பத்தெட்டு. அதுல ஸ்டெப்னி டயர் காத்துன்னு ஒரு ஐட்டம், அதுக்கும் டிக், காத்தோட அளவு முப்பத்திமூணுன்னு நம்பர் வேற. என்ற வண்டியில ஸ்டெப்னியே இல்ல. ஞாயித்துக்கிழமை உரசுனதுல முன் டயர் வெட்டுப்பட்டு, அதைக் கழட்டி ஸ்டெப்னியை மாட்டிட்டு, வெட்டுப்பட்டதை மேட்டுப்பாளையத்துலயே போட்டுட்டு வந்தோம். இல்லாத டயருக்குக் காத்து புடிச்சுப் பாத்திருக்காங்க. அன்னிக்கு அதைப் படிச்சுட்டுச் சிரிச்சேன், கூறுகெட்ட நான். வீட்டுல படிச்சுக் காட்டுனதும் அவுருதான் எந்திரிச்சு உக்காந்தாரு. "எல்லாத்துக்கும் முன்னாடி கழுவிட்டாங்களா"ன்னு கேட்டாரு. ஆமாங்க. "அப்ப தடம் போச்சு. ஆயிலை ஊத்தி, தடம் இல்லன்னு எழுதிட்டாங்க. நாலு நாள்ல மறுபடியும் காலியாகும்." நாலு நாள் ஆகல, ரெண்டே நாள். நேத்துச் சாயங்காலம் வண்டியில பிரேக் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிஞ்சுது.

தாரணி போன் பண்றா. என்னம்மா வண்டி வந்துருச்சா? வந்துரும் கண்ணு, பாத்துட்டு இருக்காங்க. "பிளவுஸ் தெச்சுட்டியாம்மா?" உடம்புப் பாகம் முடிஞ்சுது, லைனிங்தான் கம்மியாயிருச்சு, வண்டியை விட்டுட்டு வெளிய போய் ரெண்டு மீட்டர் வெள்ளைத் துணி வாங்கிட்டு வந்தேன், பையில இருக்குது. பக்கத்துல ரெண்டு இஞ்சு உள்ள விட்டிருக்கேன், மூச்சு முட்டாது. "உனக்கு வேலையா இருந்தா நாங்க வேற வண்டி..." வேண்டாங்கண்ணு, நான் வர்றேன். போனை வெச்சுட்டு எனக்கே கேட்டுக்கிட்டேன், எதை நம்பி வர்றேன்னு சொன்னேன்? ஞாயித்துக்கிழமைலருந்து ராத்திரி படுத்தா வலது கால் தானா உதைக்குது. பள்ளத்துல கிடந்த அந்த ஓட்டு வீடு வருது. பின் சீட்டுல அவ உக்காந்திருக்கா, வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு, கை நிறைய கண்ணாடி வளையலு. அதுக்கு மேல யோசிக்க வரல, எந்திரிச்சு உக்காந்துக்குவேன். ஒரு பிளவுஸ்ல ரெண்டு இஞ்சு உள்ள விடறப்ப எவ்வளவு யோசிக்கறேன், குண்டானா பிரிச்சு விடணும், குறைஞ்சாப் புடிக்கணும், குழந்தை பொறந்தா பால் குடுக்க ஊக்கு முன்னாடி வரணும்னு. எவளோ ஒருத்திக்குத் தெக்கறப்பவும் அப்படித்தான். இங்க எவனாச்சும் ஒருத்தன், இந்த வண்டியில யாரு போவாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சிருப்பானா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கற எடம் தெரியும். டிவியில பாயசம் முடிஞ்சு விளம்பரம் வந்துச்சுன்னு திரும்புனேன். என்ற வண்டி வருது. வாஷ் பண்ற கொட்டாயில இருந்து வருது. தண்ணி சொட்டச் சொட்ட, வெயில்ல பளபளன்னு, ஒருத்தன் ஜன்னல் வழியாக் கையை வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு ஓட்டிட்டு வர்றான். எனக்கு முதல்ல கோபம் வரல. நாளைக்குக் காலைல ஆறு மணிதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறந்தான் வந்துச்சு. செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு, கதவைத் தள்ளிக்கிட்டு, வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாதுன்னு எழுதியிருக்கற கயித்தைத் தாண்டிக்கிட்டுப் போனேன். ஜெகதீஸ் ஓடியாந்தான். ஏனுங்க, என்ன எழுதுனீங்க காலைல? "எழுதியிருக்கேனுங்க மேடம்." அட்டையை எடுத்துக் காட்டறான், நீல மை, ரெண்டு கோடு, அப்படியே இருக்குது. அப்புறம் ஏன் கழுவுனீங்க? "வாஷ் பண்றவங்க காண்ட்ராக்டுங்க மேடம். அவங்க அட்டையைப் பாக்க மாட்டாங்க, நம்பர் பிளேட்டைத்தான் பாப்பாங்க." அதை ஒரு காரணமா நினைச்சுத்தான் சொன்னான், மூஞ்சியில கொஞ்சங்கூடக் கூச்சம் இல்ல. மேனேஜர் அருள்தாஸ் வந்தாரு, டை கட்டியிருந்தாரு. "உங்களுக்குச் சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க மேடம். பிரேக் செக் பண்ணியாச்சு, கசிவு இல்ல, ஆயில் டாப்-அப் பண்ணியாச்சு"ன்னு தாளை நீட்டுறாரு. முப்பத்தெட்டு. ஸ்டெப்னி டயர் காத்து, முப்பத்திமூணு.

நான் வீட்டுல அவுருக்குப் போன் போட்டேன். கழுவிட்டாங்கன்னு சொல்றப்ப எனக்கு அழுகை வந்துருச்சு, இத்தனை ஆம்பளைங்க நடுவுல, அதுக்கு வேற ஒரு ஆத்திரம். அவுரு, "அழுவாத. வண்டியைக் காய விடு. இஞ்சினை ஓட விட்டு, நாலு சக்கரத்துக்கும் உள்பக்கமாக் கீழ வெள்ளைத் துணி போடு. பிரேக்கை அழுத்தி அழுத்தி நூறு தடவை மிதி. தண்ணி காஞ்சுரும், பிரேக் ஆயில் காயாது"ன்னாரு. வெள்ளைத் துணி என் பையிலயே இருக்குது. ரெண்டு மீட்டரையும் நாலாக் கிழிச்சேன், கிழிச்ச சத்தத்துல பக்கத்துல டயர் மாத்திட்டு இருந்தவன் திரும்பிப் பாத்தான். நானே முட்டி போட்டு விரிச்சேன், சேலையெல்லாம் ஈரம். மேனேஜர், "மேடம், இதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க"ன்னாரு. நீங்க பாத்தது போதுமுங்க, மூணு தடவை பாத்துட்டீங்க. ஏறி உக்காந்து மிதிச்சேன். எண்ணிக்கிட்டே மிதிச்சேன். முப்பது வரைக்கும் கல்லாட்டம் இருந்துச்சு, நம்மதான் பைத்தியக்காரத்தனம் பண்றமோன்னு ஒரு வெசனம். அறுபதுல கொஞ்சம் எறங்குன மாதிரி இருந்துச்சு. நூறு மிதிச்சுட்டு எறங்கிப் போய்த் துணியை எடுத்தேன். மூணு துணியில தண்ணி சொட்டுன வட்டம். நாலாவதுல, பின்பக்கம் இடது சக்கரத்துல, லேசா மஞ்சளா, சுத்தியும் ஓரம் கட்டி ஒரு கறை. துணியில எண்ணெய் எது தண்ணி எதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். விரல்ல தொட்டா வழவழன்னுது. மேனேஜர் கையைப் புடிச்சு விரல்ல தடவி விட்டேன்.

ஒரு மெக்கானிக் படுத்து உள்ள போனாரு, என் வயசு இருக்கும். ஸ்பேனரை வெச்சு ஒரு திருப்பு திருப்புனாரு. அரைச் சுத்து. ஆயில் மாத்தறப்ப காத்தை வெளிய விடறதுக்கு ஒரு சின்ன நிப்பிளைத் தளர்த்துவாங்களாம், அதை மறுபடி இறுக்காம விட்டிருக்காங்க. அவ்வளவுதான். நான் பள்ளத்தைப் பாத்தது இந்த அரைச் சுத்துக்கு. அந்தாளு வெளிய வந்து, துணியில கையைத் தொடைச்சுக்கிட்டே, "அன்னிக்கு நான்தானுங்க மாத்துனது. நடுவுல வேற வண்டிக்குக் கூப்பிட்டாங்க, திரும்பி வர்றதுக்குள்ள வண்டியை எறக்கி வாஷுக்கு அனுப்பிட்டாங்க"ன்னாரு. ஜெகதீஸ் அவரை முறைச்சான். உண்மையைச் சொன்ன ஒரே ஆளு அவருதான், அதுக்காக அவரு மேல எனக்கு எரக்கம் வரணும்னு இருந்துச்சு, வரல. வண்டி வாஷுக்குப் போச்சுன்னா, பின்னாடியே போய் இறுக்கியிருக்கலாமே. அன்னிக்கு மறந்துருச்சு, சரி. மறுநாளாவது ஞாபகம் வந்திருக்குமே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே, அம்மா வண்டியை எடுக்காதீங்கன்னு. எனக்கு ஒரு ஊக்கு விட்டுப் போனாக்கூட ராத்திரி தூக்கத்துல ஞாபகம் வருமுங்கன்னு சொன்னேன். அவரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு மறுபடி வண்டிக்கு அடியில படுத்தாரு.

ஆயிலை மறுபடி எடுத்து, காத்தை வெளிய விட்டு, நாலு நிப்பிளையும் என் கண்ணு முன்னாடியே இறுக்குனாங்க. அவங்ககிட்டயே வேற வெள்ளைத் துணி வாங்கிப் போட்டு இன்னொரு நூறு மிதிச்சேன், கறை இல்ல. மேனேஜர் சாவியை ரெண்டு கையிலயும் வெச்சுக் குடுத்தாரு. "இப்ப கம்ப்ளீட்டா சரியாயிருச்சுங்க மேடம், தைரியமாப் போங்க." வண்டியை வெளிய விடற வாசல்ல கொண்டு வந்து நிறுத்திக் குடுத்துட்டாங்க. ஏறி உக்காந்தேன், ஸ்டார்ட் பண்ணேன், கியரைப் போட்டேன். பிரேக்குல இருந்து கால் எடுக்க மாட்டேங்குது. கண்ணால பாத்தேன், விரலால தொட்டேன், நானேதான் எண்ணி எண்ணி மிதிச்சேன். எல்லாம் தெரியுது. ஓட்டத் தைரியம் வரல. நாப்பத்தாறு வயசுல, சிரிக்கறவங்க சிரிக்கட்டும்னு எல் போர்டு மாட்டிக்கிட்டு, நம்ம கோயமுத்தூர் ராமநாதபுரம் சந்துல ஆட்டோக்காரங்கிட்டத் திட்டு வாங்கி வாங்கிக் கத்துக்கிட்ட தைரியம் அது. அவுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக யாரு கையையும் எதிர்பாக்க வேண்டாம்னு நானா சேத்து வெச்சது. அதையும் கழுவிட்டாங்க. அதுக்கு எந்தத் தாளுல டிக் போடுவாங்கன்னு தெரியல.

மறுபடி அவுருக்குப் போன் போட்டேன். சரியாயிருச்சான்னு கேட்டாரு. ஆயிருச்சுங்க, பின்னாடி இடது, இறுக்கிட்டாங்க. "அப்புறம் என்ன, கெளம்பி வா." நீங்க ஒரு ஆட்டோ புடிச்சு இங்க வாங்க. "இப்பவா? எதுக்கு?" நீங்க மிதிச்சுப் பாக்கோணும். "நானா"ன்னாரு. நீங்கதான். "நீதான் கண்ணால பாத்துட்டியே புள்ள." நான் பாத்தது இருக்கட்டும், நீங்க வந்து பாருங்க, நீங்க சரின்னாத்தான் நாளைக்கு அவளை இதுல ஏத்துவேன், இல்லீன்னா இதை இங்கயே விட்டுட்டு ரெண்டு பேரும் பஸ்ஸுல போலாம். அன்னிக்குச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன், ஆட்டோவுக்கு மீட்டர் போடச் சொல்லுங்கன்னு வந்துச்சு. அவுரு, "சட்டையை மாத்திட்டு வர்றேன், முக்கால் மணி நேரம் ஆகும்"னாரு. ஆகட்டும்னேன்.

இஞ்சினை நிறுத்திட்டேன். வாசல்ல குறுக்கதான் நிக்கறேன், பின்னாடி கழுவுன வண்டிங்க ரெண்டு மூணு வரிசையா நின்னு ஹாரன் அடிக்குது. செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டுனாரு, வயசானவரு, நல்ல மாதிரியாத்தான் கேட்டாரு. "அம்மா, வண்டியைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா நல்லது, பின்னாடி கஸ்டமர் நிக்கறாங்க."

"என்ற வீட்டுக்காரர் வந்துட்டு இருக்காருங்க. அவுரு பிரேக்கைப் பாத்து சரின்னு சொன்னா எடுத்துர்றேன்."

"சாரு மெக்கானிக்குங்களா?"

"இல்லீங்க. அவுருக்குக் கண்ணு தெரியாது."

அவரு என்னைப் பாத்தாரு, உள்ள மேனேஜர் ரூம்பைப் பாத்தாரு, அப்புறம் பின்னாடி நிக்கற வண்டிங்களைப் பாத்து இன்னும் நேரமாகும்னு கையைக் காட்டுனாரு. நான் ஹேண்ட் பிரேக்கை இன்னொரு இழுப்பு இழுத்து விட்டுட்டு உக்காந்திருந்தேன்.